அமெரிக்க அரசியலமைப்பு கிறிஸ்தவத்தின் மேல் கட்டப்பட்டதா? நீங்களே சரிபார்க்க ஒரு முழு வழிகாட்டி

டாலர் நோட்டில் ‘கடவுளை நம்புகிறோம்’ என்று அச்சடித்திருக்கிறது. பதவியேற்கும் அதிபர் பெரும்பாலும் பைபிள் மேல் கைவைத்துத்தான் உறுதிமொழி எடுக்கிறார். அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் கூட்டம் ஜெபத்தோடு தொடங்குகிறது. இதையெல்லாம் பார்த்த ஒருவருக்கு, அந்த நாட்டின் அடிப்படைச் சட்டமும் பைபிளிலிருந்துதான் வந்திருக்கும் என்று தோன்றினால் அதில் தப்பில்லை. 2024ல் லூசியானா மாநிலம் பள்ளி வகுப்பறைகளில் பத்துக் கட்டளைகளை மாட்டச் சொல்லிச் சட்டம் போட்டபோதும் இந்த வாதம்தான் பின்னால் நின்றது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1787ல் எழுதிய கூட்டாட்சி அரசியலமைப்பு கிறிஸ்தவத்தின் மேல் கட்டப்பட்டதல்ல. அதை எழுதியவர்கள் தெரிந்தேதான் மதத்தை வெளியே வைத்தார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் நாத்திகர்கள் என்று சிலர் கிளப்பிவிடுவதும் அதே அளவுக்குத் தவறு. என்னை நம்ப வேண்டாம். கீழே சொல்கிற வரிசையில் போனால் ஒரு வார இறுதியில் நீங்களே பார்த்துவிடலாம்.

படி 1: எந்தத் தாளைப் பற்றிப் பேசுகிறோம்?

இந்தச் சண்டையில் பாதி, ஆளுக்கு ஒரு ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதால் வருவது. 1620ல் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ‘தேவனுடைய மகிமைக்காகவும் கிறிஸ்தவ விசுவாசத்தின் வளர்ச்சிக்காகவும்’ என்று வெளிப்படையாகச் சொல்கிறது. 1776ன் சுதந்திரப் பிரகடனத்தில் ‘இயற்கையின் கடவுள்’, ‘படைத்தவர்’, ‘உலகின் உச்ச நீதிபதி’, ‘தெய்வப் பராமரிப்பு’ என்று நான்கு இடங்களில் கடவுள் வருகிறார். இயேசு வரவில்லை. அதன் பிறகு வந்த முதல் கூட்டாட்சி ஒப்பந்தத்தில்கூட ‘உலகின் மாபெரும் ஆளுநர்’ என்று ஒரு வணக்கம் உண்டு.

பிரகடனம் நாட்டை ஆளும் சட்டம் அல்ல; ஏன் பிரிகிறோம் என்று உலகத்துக்குச் சொன்ன அறிக்கை. யாராவது ‘படைத்தவர் என்று சட்டத்திலேயே இருக்கிறதே’ என்றால், சட்டம் 1787ல் எழுதினது, நீங்கள் சொல்வது 1776ல் எழுதினது என்று நிதானமாகப் பிரித்துக் காட்டுங்கள்.

படி 2: மூலத்தை ஒரு தடவை முழுசாகப் படியுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. மொத்தமே ஏறத்தாழ 4,500 சொற்கள். ஒரு நீளமான பத்திரிகைக் கட்டுரை அளவுதான். பென்சிலோடு உட்கார்ந்து, மதம் தொடர்பாக எது வந்தாலும் கோடு போடுங்கள். கடவுள், இயேசு, பைபிள், கிறிஸ்தவம் என்ற நான்கில் எதற்குமே கோடு போட இடம் கிடைக்காது. ‘மக்களாகிய நாங்கள்’ என்று தொடங்கி மக்களின் பெயராலேயே முடிகிற முகவுரை அது. மிச்சம் அகப்படுவது இவ்வளவுதான்:

முதல் பிரிவில், ஒரு மசோதாவைப் பற்றி முடிவெடுக்க அதிபருக்குப் பத்து நாள் கொடுத்து, ‘ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக’ என்று ஒரு அடைப்புக்குறி. ஞாயிறு ஓய்வுநாள் என்ற கிறிஸ்தவப் பழக்கம் இதில் தெரிகிறது, மறுக்க வேண்டாம். கடைசியில் தேதி போடும்போது ‘நமது கர்த்தரின் ஆண்டு 1787, அமெரிக்க சுதந்திரத்தின் பன்னிரண்டாம் ஆண்டு’ என்று இருக்கிறது. இதைப் பெரிய ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. நாம்கூடச் சோழர் காலத்துக்குக் கி.பி. போட்டுத்தான் எழுதுகிறோம், அதனால் ராஜராஜன் கிறிஸ்தவன் ஆகிவிடுவதில்லை.

அப்புறம், பதவி உறுதிமொழி வரும் இடமெல்லாம் ‘ஆணையிட்டு, அல்லது உறுதிகூறி’ என்று இரண்டு வழி திறந்திருக்கிறது. ஆணையிடுவதே பாவம் என்று நினைத்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் போன்றவர்களுக்காக வைத்த வழி அது. நம் சட்டமன்றத்தில் ஒருவர் ‘ஆண்டவன் பெயரால்’ என்றும், அடுத்தவர் ‘உளமார’ என்றும் சொல்லிப் பதவியேற்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அதிபருக்கான உறுதிமொழி வாசகம் முழுதாக அதில் எழுதியிருக்கிறது. ‘கடவுளே துணை’ என்ற முடிவு அதில் கிடையாது. அதிபர்கள் வழக்கமாகச் சேர்த்துச் சொல்வது அது.

கடைசியாக ஆறாம் பிரிவு. ‘அமெரிக்க அரசின் கீழுள்ள எந்தப் பதவிக்கும் பொறுப்புக்கும் தகுதியாக எந்த மதச் சோதனையும் எந்தக் காலத்திலும் கேட்கப்படக் கூடாது.’ 1787ன் மூல வாசகத்தில் ‘மதம்’ சம்பந்தமான சொல் நேரடியாக வருவது இந்த ஒரே இடத்தில்தான். வருவதும், கூடாது என்று சொல்வதற்காக.

படி 3: அக்கம்பக்கத்துச் சாசனங்களோடு ஒப்பிடுங்கள்

‘அந்தக் காலத்தில் எல்லோரும் கிறிஸ்தவர்கள், தனியாக எழுதத் தேவையில்லை என்று விட்டிருப்பார்கள்’ என்று ஒரு பதில் வரும். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு முன்பு அதே ஊர்க்காரர்கள் எழுதிய மாநிலச் சாசனங்களைப் பார்த்தால் இது நிற்காது.

1776ன் டெலவேர் சாசனப்படி பதவிக்கு வருகிறவர் பிதாவையும், அவருடைய ஒரே குமாரன் இயேசு கிறிஸ்துவையும், பரிசுத்த ஆவியையும் விசுவாசிப்பதாகச் சொல்ல வேண்டும். பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் தெய்வ ஏவுதலால் வந்தவை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பென்சில்வேனியாவிலும் இரண்டு ஏற்பாடுகளையும் ஏற்றால்தான் சட்டமன்றத்தில் உட்கார முடியும். வட கரோலினாவில் புராட்டஸ்டண்ட் மார்க்கத்தின் சத்தியத்தை மறுப்பவருக்குப் பதவி இல்லை. தென் கரோலினா 1778ல் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவத்தையே மாநில மதமாக அறிவித்தது.

ஆக, கிறிஸ்தவச் சாசனம் எழுத இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. மாதிரி வாசகம் மேசை மேலேயே கிடந்தது. பென்சில்வேனியாவின் அந்தச் சாசனம் எழுதப்பட்ட பிலடெல்பியாவில்தான் கூட்டாட்சி அரசியலமைப்பை எழுதிய 1787 மாநாடும் நடந்தது. அந்த ஊரில் இருந்த ஜோனஸ் பிலிப்ஸ் என்ற யூத வணிகர், அந்த ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி மாநாட்டுக்கு ஒரு கடிதம் போட்டார். புதிய ஏற்பாட்டை ஏற்று உறுதிமொழி எடுப்பது ஒரு யூதனால் முடியாத காரியம், அதை நீக்குங்கள் என்று கேட்டார். மாநாடு கதவை மூடிக்கொண்டு ரகசியமாக நடந்ததால், மதச் சோதனைக்குத் தடை ஒரு வாரத்துக்கு முன்பே, ஆகஸ்ட் 30 அன்று, ஏற்கப்பட்டுவிட்டது என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

படி 4: மூடிய அறைக்குள் எட்டிப் பாருங்கள்

மாநாட்டுப் பிரதிநிதியும் பின்னாளில் அதிபருமான மாடிசன் அன்றாடம் குறிப்பு எழுதி வைத்ததால் இது நமக்குச் சாத்தியம். ஒரு எச்சரிக்கை: சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சன் அப்போது பாரிஸில் தூதர், பின்னாளில் அதிபரான ஜான் ஆடம்ஸ் லண்டனில். இருவருமே மாநாட்டில் இல்லை. அவர்களை மேற்கோள் காட்டும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஜூன் 28. ஒரு மாதத்துக்கு மேலாகப் பெரிய மாநிலங்களும் சின்ன மாநிலங்களும் பிரதிநிதித்துவத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. பிரதிநிதிகளில் ஒருவரான 81 வயது பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு யோசனை சொன்னார்: ஒரு அடைக்கலான் குருவி விழுவதுகூடக் கடவுளுக்குத் தெரியாமல் நடக்காது என்றால், ஒரு பேரரசு அவர் உதவியில்லாமல் எழுமா? இனி தினமும் காலையில் ஜெபம் வைத்துத் தொடங்குவோம். இவர்தான் அந்த அறையிலேயே மரபான கிறிஸ்தவ விசுவாசம் குறைந்தவர்களில் ஒருவர் என்பது வேடிக்கை. ஷெர்மன் என்ற பிரதிநிதி வழிமொழிந்தார். இத்தனை நாள் இல்லாமல் இப்போது தொடங்கினால் உள்ளே தகராறு என்று ஊர் பேசும் என்று சிலர் தயங்கினார்கள். போதகருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றார் இன்னொரு பிரதிநிதியான வில்லியம்சன். வாக்கெடுப்பே நடக்காமல் சபை கலைந்தது. பிராங்க்ளின் தன் உரையின் அடியில் பிறகு ஒரு வரி எழுதி வைத்தார்: மூன்று நான்கு பேரைத் தவிர, ஜெபம் தேவையில்லை என்றே மாநாடு நினைத்தது.

இந்த நிகழ்ச்சியைத் தலைகீழாக்கி, ‘பிராங்க்ளின் கேட்டார், எல்லோரும் மண்டியிட்டு ஜெபித்தார்கள், அதன் பிறகுதான் சாசனம் பிறந்தது’ என்று சொல்லும் கதை நிறையச் சுற்றுகிறது. நம்ப வேண்டாம்.

படி 5: அன்றைக்கு எதிர்த்தவர்களைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுங்கள்

என்னைக் கேட்டால் மற்ற எல்லாப் படிகளையும் விட இதுதான் முக்கியம். சாசனம் கிறிஸ்தவத்தின் மேல் கட்டப்பட்டதா என்று 2020களில் இருந்துகொண்டு ஊகிப்பதைவிட, 1788ல் அதைக் கையில் வாங்கிப் படித்தவர்களுக்கு என்ன தெரிந்தது என்று பார்ப்பது நல்லது. அவர்களில் பக்தியுள்ள பலர் அதைப் படித்துவிட்டுக் கொதித்தார்கள்.

சாசனத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒவ்வொரு மாநிலமும் ஒரு ஒப்புதல் மாநாடு கூட்டியது. மாசசூசெட்ஸ் மாநாட்டில் ஆமோஸ் சிங்கிள்டரி, அதிகாரத்தில் கிறிஸ்தவர்கள் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன், இந்தச் சாசனப்படி ஒரு போப்பின் ஆளோ அவிசுவாசியோகூடப் பதவிக்கு வரலாமே என்றார். வட கரோலினாவில் ஜூலை 30ஆம் தேதி ஹென்றி ஆபட் எழுந்து மக்களின் பயத்தைச் சொன்னார்: மதச் சோதனை இல்லாவிட்டால் புறமதத்தார், டீயிஸ்டுகள், முகமதியர்கள் பதவியைப் பிடித்துவிடலாம். (கடவுள் உலகைப் படைத்ததோடு சரி, அப்புறம் தலையிடுவதில்லை என்கிறவர்கள்தான் டீயிஸ்டுகள்.)

இதற்கு ஆதரவாளர்கள் என்ன சொன்னார்கள்? ‘கவலைப்படாதீர்கள், சாசனம் கிறிஸ்தவமானதுதான்’ என்று சொல்லியிருந்தால் எதிர்த்தவர்கள் வாய் அடைபட்டிருக்கும். அப்படிச் சொல்லவில்லை. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஜேம்ஸ் ஐரடெல், ஒரு கூட்டத்தாரை விலக்கிவிட்டு, நாம் இவ்வளவு உருக்கமாகக் கேட்கும் மதச் சுதந்திரத்தை எப்படிக் காப்பது என்று திருப்பிக் கேட்டார்.

இன்னொரு சாட்சி ஐசக் பேகஸ், பாப்டிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவின் போதகர். மாசசூசெட்ஸ் மாநாட்டில் மதச் சோதனைத் தடையை அவர் ஆதரித்துப் பேசியது வேதத்தை வைத்தே: மதம் என்பது கடவுளுக்கும் தனி மனிதனுக்கும் இடையிலான காரியம் என்று பகுத்தறிவும் சொல்கிறது, வேதமும் சொல்கிறது. பாப்டிஸ்டுகளுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஆங்கிலிக்கன் சபை அரசு மதமாக இருந்த வர்ஜீனியாவில் அவர்களுடைய போதகர்களைச் சிறையில் போட்டார்கள். அவர்கள் சிறைச் சன்னல் கம்பி வழியாகவே வெளியில் நின்ற கூட்டத்துக்குப் பிரசங்கம் பண்ணினார்கள். பக்கத்து மாவட்டத்தில் ஐந்தாறு நல்ல மனிதர்கள் தங்கள் மதக் கருத்தை வெளியிட்டதற்காகக் காவலில் கிடக்கிறார்கள் என்று 1774 ஜனவரியில் நண்பருக்கு எரிச்சலோடு கடிதம் எழுதிய 22 வயது இளைஞன்தான் ஜேம்ஸ் மாடிசன்.

அதனால் ‘மதத்தை வெளியே வைத்தவர்கள் மத விரோதிகள்’ என்ற கணக்கு இங்கே உதைக்கிறது. வெளியே வை என்று கேட்டவர்களில் அடிபட்ட விசுவாசிகள் முன்வரிசையில் இருந்தார்கள்.

படி 6: வர்ஜீனியாவுக்கு ஒரு நடை போய் வாருங்கள்

1784–85ல் வர்ஜீனியாவின் அரசியல் தலைவர் பாட்ரிக் ஹென்றி, கிறிஸ்தவப் போதகர்களுக்கு வரிப்பணத்திலிருந்து சம்பளம் கொடுக்க ஒரு மசோதாவை முன்னெடுத்தார். மாடிசன் எதிர்த்து ஒரு மனு எழுதினார், மக்கள் குவியல் குவியலாகக் கையெழுத்திட்டார்கள், மசோதா படுத்துவிட்டது. அந்த வேகத்திலேயே, ஜெபர்சன் முன்பே எழுதி வைத்திருந்த மதச் சுதந்திரச் சட்டம் 1786 ஜனவரியில் நிறைவேறியது.

அதன் முகவுரையில் ‘நம் மார்க்கத்தின் பரிசுத்த கர்த்தா’ என்ற இடத்தில் ‘இயேசு கிறிஸ்து’ என்ற பெயரைச் சேர்க்க ஒரு திருத்தம் வந்தது. பெரும்பான்மையோர் எதிர்த்ததால் அது தோற்றது. பல ஆண்டு கழித்து ஜெபர்சன் தன் வாழ்க்கைக் குறிப்பில் இதை நினைவுகூர்ந்து, யூதர், புற இனத்தார், கிறிஸ்தவர், முகமதியர், இந்து, எல்லா வகை அவிசுவாசி என அனைவரையும் தன் பாதுகாப்புக்குள் கொண்டுவரவே சட்டம் எண்ணியது என்பதற்கு இதுவே சான்று என்று எழுதினார். இன்று நியூ ஜெர்சியில் தமிழர் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் போகிறவர்கள் அந்தப் பட்டியலில் ‘இந்து’ இருப்பதைக் கவனிக்கலாம். ஒரு இந்துவைக்கூட அவர் நேரில் பார்த்திராமலே எழுதியிருக்கலாம் என்பது என் ஊகம்.

1791 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த, கூட்டாட்சி அரசியலமைப்பின் முதல் திருத்தம் இதன் வாரிசு: மதத்தை நிறுவுவது பற்றியோ, அதைச் சுதந்திரமாகப் பின்பற்றுவதைத் தடுத்தோ காங்கிரஸ் சட்டம் இயற்றக் கூடாது. இப்போது பத்துக் கட்டளைகளை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்’ என்பது முதல் கட்டளை. யாருக்கு எத்தனை தேவர்கள் வேண்டுமானாலும் இருக்கலாம், அரசு தலையிடாது என்பது முதல் திருத்தம்.

படி 7: திரிப்போலி உடன்படிக்கையை அடக்கமாகப் பயன்படுத்துங்கள்

மறுக்கும் தரப்பின் பிரம்மாஸ்திரம் இது. வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளைத் தொல்லைக்காகத் திரிப்போலியோடு 1796ல் கையெழுத்தான உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு, ‘அமெரிக்க அரசு எந்த வகையிலும் கிறிஸ்தவ மதத்தின் மேல் நிறுவப்பட்டதல்ல’ என்று தொடங்குகிறது. 1797 ஜூன் 7 அன்று செனட் எதிர்ப்பே இல்லாமல் ஏற்றது. அதிபர் ஆடம்ஸ் கையெழுத்திட்டார்.

வலுவான ஆதாரம்தான். ஆனால் இரண்டு விஷயம் சொல்லாமல் விடக் கூடாது. அரபு மூலத்தில் அந்தப் பிரிவு அப்படி இல்லை என்று 1930ல் தெரியவந்தது. 1805ல் போட்ட அடுத்த உடன்படிக்கையில் அந்த வாக்கியம் இல்லை. செனட் படித்து ஏற்றது ஆங்கில வாசகத்தை என்பதால் சான்றின் மதிப்பு போய்விடவில்லை. ஒரு உடன்படிக்கை வரியை மட்டும் நம்பி வாதத்தைக் கட்டாதீர்கள், அவ்வளவுதான்.

படி 8: எதிர்த்தரப்பின் நல்ல வாதங்களைத் தேடிப் போங்கள்

சிலது சும்மா. ஏசாயா 33:22ஐக் காட்டி, ‘கர்த்தர் நம்முடைய நியாயாதிபதி, கர்த்தர் நம்முடைய நியாயப்பிரமாணிகர், கர்த்தர் நம்முடைய ராஜா’ என்பதிலிருந்துதான் நீதித்துறை, சட்டமன்றம், நிர்வாகம் என மூன்று கிளை வந்தது என்பார்கள். அந்த வசனத்தில் மூன்றும் ஒரே கையில் இருக்கின்றன! மூன்று அதிகாரமும் ஒரே கையில் சேர்வதுதான் கொடுங்கோன்மையின் இலக்கணம் என்று மாடிசன், சாசனத்தை ஆதரித்து வந்த ‘பெடரலிஸ்ட்’ கட்டுரைத் தொடரின் 47ஆம் கட்டுரையில் எழுதினார். அங்கே அவர் குருவாகக் காட்டுவது பிரெஞ்சுச் சிந்தனையாளர் மான்டெஸ்கியூவை.

ஆனால் மாடிசனுக்குப் பிரின்ஸ்டனில் பாடம் சொன்னவர் பிரஸ்பிடேரியன் (கால்வினின் வழிவந்த புராட்டஸ்டண்ட் பிரிவு) போதகர் ஜான் விதர்ஸ்பூன் என்பதை அலட்சியம் செய்ய முடியாது. ‘மனிதர்கள் தேவதூதர்களாக இருந்தால் அரசாங்கமே தேவையில்லை’ என்ற மாடிசனின் வரியில், மனிதன் பாவத்தில் விழுந்தவன் என்ற கால்வினியக் குரல் கேட்கிறது என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஒருவர்மேல் ஒருவருக்குக் கடிவாளம் போடும் அமைப்புக்குப் பின்னால் அந்த அவநம்பிக்கைக்கும் பங்கு உண்டு.

1760 முதல் 1805 வரையிலான அரசியல் எழுத்துகளில் யார் எதை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிய அரசியல் ஆய்வாளர் டொனால்ட் லட்ஸ், 34 சதவீதம் பைபிளிலிருந்து என்று 1984ல் வெளியிட்டார். இதை அடிக்கடி காட்டுவார்கள். அதே ஆய்வில் இன்னும் இரண்டு செய்தி உண்டு. அந்தப் பைபிள் மேற்கோள்களில் பெரும்பகுதி அச்சிட்ட பிரசங்கங்களிலிருந்து எடுத்தவை. சாசனத்தைப் பற்றிய விவாதம் நடந்த ஆண்டுகளில், அதை ஆதரித்து எழுதியவர்களிடம் பைபிள் மேற்கோள் பூஜ்யம்; எதிர்த்தவர்களிடம் 9 சதவீதம்.

முதல் காங்கிரஸ் போதகர்களுக்குச் சம்பளம் கொடுத்தது, வாஷிங்டன் 1789ல் நன்றியறிதல் நாள் அறிவித்தது, மாசசூசெட்ஸில் 1833 வரை சபைக்கு வரி ஆதரவு நீடித்தது, இவையும் உண்மை. முதல் திருத்தம் அன்று கட்டுப்படுத்தியது காங்கிரஸை மட்டும், மாநிலங்களை அல்ல. சமூகம் கிறிஸ்தவமாக இருந்தது. பல மாநிலச் சட்டமும் அப்படியே.

படி 9: பின்னால் ஒட்டியதைப் பிரித்தெடுங்கள்

டாலர் நோட்டில் உள்ள ‘கடவுளை நம்புகிறோம்’ வாசகம் முதலில் ஏறியது 1864ல், இரண்டு சென்ட் நாணயத்தில், உள்நாட்டுப் போரின் நடுவே. தேசிய முழக்கமானது 1956ல். காகித நோட்டுக்கு வந்தது 1957ல். கொடி உறுதிமொழியில் ‘கடவுளின் கீழ்’ சேர்ந்தது 1954ல், கம்யூனிச பயம் உச்சத்தில் இருந்தபோது. இதில் ஒன்றுகூட 1787க்குச் சாட்சி சொல்ல முடியாது.

உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநிலங்கள் 1861ல் பழைய சாசனத்தையே பெரும்பாலும் பிரதி எடுத்தன. முகவுரையில் ‘சர்வ வல்லமையுள்ள கடவுளின் அருளை வேண்டி’ என்று புதிதாகச் சேர்த்துக்கொண்டன. வடக்கிலும், போர் என்பது கடவுளைச் சாசனத்தில் எழுதாததற்கு வந்த தண்டனை என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் இயேசுவை நாடுகளின் ஆட்சியாளராக ஏற்கும்படி முகவுரையைத் திருத்தக் கேட்டு இயக்கம் நடத்தினார்கள். ஏற்கெனவே கிறிஸ்தவமாக இருந்தால் திருத்தம் எதற்கு? 1874ல் பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழு அந்தக் கோரிக்கையை நிராகரித்தது. எந்த மதக் கோட்பாட்டையும் சுட்டுவதாகப் பொருள்படக் கூடிய எதையும் சேர்ப்பது உசிதமல்ல என்று நிறுவியவர்களே ஆழ யோசித்து முடிவெடுத்தார்கள் என்று காரணமும் சொன்னது.

1892ல் உச்ச நீதிமன்ற நீதிபதி புரூவர் ‘இது ஒரு கிறிஸ்தவ தேசம்’ என்று எழுதியதைக் காட்டுவார்கள். நியூயார்க் தேவாலயம் ஒன்று இங்கிலாந்திலிருந்து போதகரை வேலைக்கு அழைத்தது வெளிநாட்டுக் கூலி ஒப்பந்தச் சட்டத்தில் குற்றமா என்பதுதான் வழக்கு. மக்களின் வரலாற்றைக் காட்ட அவர் குடியேற்றச் சாசனங்களையும் மாநிலச் சாசனங்களையும் அடுக்குகிறார். கூட்டாட்சி அரசியலமைப்பிலிருந்து அவர் எடுத்துக் காட்ட முடிந்தது முதல் திருத்தமும், அந்த ஞாயிற்றுக்கிழமை அடைப்புக்குறியும்தான்.

படி 10: மேற்கோள் கிடைத்தால் அடுத்த வரியைப் படியுங்கள்

‘இந்த மாபெரும் தேசம் இயேசு கிறிஸ்துவின் சுவிசேஷத்தின் மேல் நிறுவப்பட்டது’ என்று பாட்ரிக் ஹென்றி பெயரில் சுற்றும் வரி, 1956ல் ஒரு பத்திரிகையில் வேறொருவர் எழுதியது. பத்துக் கட்டளைகளின் மேல் எதிர்காலத்தையே பணயம் வைத்தோம் என்று மாடிசன் சொன்னதாகக் காட்டுவதும் அவர் எழுத்தில் எங்கும் கிடையாது.

மறுதரப்பும் சுத்தம் இல்லை. ‘மதமே இல்லாவிட்டால் இதுதான் உலகங்களிலேயே சிறந்த உலகமாக இருக்கும்’ என்று ஜான் ஆடம்ஸ் பெயரில் பகிர்கிறார்கள். 1817ல் அவர் ஜெபர்சனுக்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சொற்கள் இருக்கத்தான் செய்கின்றன. சமீபத்தில் படித்ததையெல்லாம் பார்த்து இருபது தடவை இப்படிக் கத்தலாம் போல இருந்தது என்கிறார். கத்தியிருந்தால் நானும் ஒரு வெறியனாகியிருப்பேன் என்று உடனே சொல்லிவிட்டு, மதம் இல்லாத உலகம் நாகரிகமானவர்கள் மத்தியில் வாயால் சொல்லக் கூடாத ஒன்றாக இருக்கும், அதாவது நரகமாக இருக்கும் என்று முடிக்கிறார். திரிப்போலி உடன்படிக்கையில் கையெழுத்திட்ட அதே ஆடம்ஸ்.